இல்லாத ஏழாவது தளத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்

2004 ஜூன் மாதம் அமெரிக்காவின் வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் படிக்கும் 512 மாணவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் போனது. அனுப்பியவர் கர்னல் ராபர்ட் மெல்வில். உங்கள் மதிப்பெண் அறிக்கையில் ஒரு சிக்கல் இருக்கிறது, இந்த லிங்க்கை அழுத்தி விவரங்கள் சரிதானா என்று பார்த்துக்கொள்ளவும் என்பதுதான் விஷயம். சில வரிகள்தான். கீழே கர்னலின் அலுவலக முகவரி: வாஷிங்டன் ஹால், ஏழாவது தளம்.

வாஷிங்டன் ஹாலில் ஏழாவது தளம் கிடையாது. அது மாணவர்கள் தினமும் சாப்பிடப் போகிற கட்டடம், ஆகவே அதில் எத்தனை தளம் என்று அவர்களுக்குத் தெரியாமல் இருக்காது. அப்படி ஒரு கர்னலும் அங்கே கிடையாது. ராபர்ட் மெல்வில் 18-ஆம் நூற்றாண்டு ஆள்; கரோனேடு என்ற குட்டையான கப்பல் பீரங்கி உருவானதில் பங்குள்ள ஸ்காட்லாந்து அதிகாரி. ராணுவத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு வைத்த குறும்பு அது. அனுப்பியது, அங்கே கணினிப் பாதுகாப்பு கற்பித்துக்கொண்டிருந்த ஆரன் ஃபெர்குசன். சோதனைக்கே அந்தப் பீரங்கியின் பெயரைத்தான் வைத்தார்.

சுமார் 80 சதவீதம், அதாவது 400 பேருக்கு மேல் கிளிக் செய்தார்கள். முதலாண்டு மாணவர்களில் 90 சதவீதம். இத்தனைக்கும் அவர்களுக்கு நான்கு மணி நேரம் கணினிப் பாதுகாப்புப் பாடம் நடந்திருந்தது. பிறகு விசாரித்தபோது, மெயில் என்னவோ மாதிரிதான் இருந்தது, ஆனால் அனுப்பியது கர்னலாச்சே என்கிற ரீதியில் பதில் வந்திருக்கிறது. ராணுவத்தில் கர்னல் சொன்னால் செய்ய வேண்டும். அதைத்தானே அங்கே பகல் இரவு பார்க்காமல் சொல்லிக்கொடுக்கிறார்கள்?

இந்தக் கதையை ஆபீசில் யாரிடம் சொன்னாலும் முதலில் வருவது சிரிப்பு. அடுத்து, "ஏழாவது மாடியே இல்லன்னு கூடவா பார்க்க மாட்டாங்க?" என்ற கேள்வி. எனக்கு இந்தக் கேள்விதான் கொஞ்ச வருடமாக உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒரு ஃபிஷிங் மின்னஞ்சல் எவ்வளவு ஏமாற்றும் என்பதை நாம் எதை வைத்து எடை போடுகிறோம்? எழுத்துப் பிழை, லோகோ, முகவரி, ஏழாவது தளம் என்று கடிதத்தின் முகத்தைப் பார்க்கிறோம். அது யார் கையில், எந்த நேரத்தில் போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதில்லை.

இது வெறும் அறிவுப் பிரச்சினை இல்லை. ஐடி கம்பெனிகளில் வேலை செய்பவர்களுக்குத் தெரியும்: மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாதுகாப்புக் குழுவே போலி மெயில் அனுப்பி நம்மைச் சோதிக்கும். கிளிக் செய்தவர் பெயர் ஒரு பட்டியலில் ஏறும், கட்டாயப் பயிற்சி வரும், சில இடங்களில் மேனேஜருக்குத் தகவல் போகும். மெயில் எவ்வளவு கடினமானது என்று யாரும் எழுதி வைப்பதில்லை. வினாத்தாளைப் பார்க்காமல் மதிப்பெண்ணை மட்டும் படிப்பது மாதிரி.

கொஞ்சம் பின்னால் போகலாம். மின்னஞ்சல் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த ஒருவர் இருக்கிறார். யூஜீன் ஃபிரான்சுவா விடாக், பிரெஞ்சுக்காரர். குற்றவாளியாக ஆரம்பித்துப் பாரிஸ் துப்பறியும் பிரிவின் தலைவராக ஆனவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பிறகு பாரிஸ் சிறைகளில் கைதிகள் கடிதம் எழுதியே சம்பாதித்ததை அவர் தன் நினைவுக் குறிப்புகளில் சொல்கிறார். கதை இப்படிப் போகும்: நான் ஒரு பிரபுவின் வேலைக்காரன். புரட்சியின்போது எஜமானரோடு தப்பி ஓடினேன். துரத்தி வந்தவர்களிடமிருந்து காப்பாற்ற நகைப்பெட்டியை ஓரிடத்தில் ஒளித்துவிட்டோம். அதை எடுக்கத் திரும்பி வந்தபோது பிடிபட்டுவிட்டேன். கொஞ்சம் பணம் அனுப்பினால் வெளியே வந்து பங்கு தருகிறேன்.

நூறு கடிதம் போட்டால் இருபதுக்குப் பதில் வருமாம். இன்றைக்கு எந்த ஸ்பேம் வியாபாரியும் கனவில்கூடக் காணாத விகிதம். இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை என்று விடாக்கே காரணமும் சொல்கிறார். அந்தக் கடிதங்கள் எல்லாருக்கும் போகவில்லை. பழைய மன்னராட்சியின் மேல் விசுவாசம் உள்ளவர்கள் என்று பெயர் எடுத்தவர்களாகப் பார்த்துத்தான் போயின. ராஜ விசுவாசியான ஒரு கிராமத்துப் பணக்காரருக்கு, ஓடிப்போன பிரபுவும் அவருடைய விசுவாசமான வேலைக்காரனும் கட்டுக்கதை மாந்தர்கள் கிடையாது. தெரிந்த குடும்பத்தில் நடந்த சங்கதி. கடிதம் நம்பும்படி இருந்ததா என்று கேட்டால் பதில் கிடைக்காது. யாருக்கு நம்பும்படி இருந்தது என்று கேட்டால்தான் கிடைக்கும். இதே கதை பின்னால் 'ஸ்பானியக் கைதி' என்ற பெயரில் அட்லாண்டிக்கைத் தாண்டிப் போனது. 1898-லேயே நியூயார்க் டைம்ஸ் அதைப் போலீசாருக்குத் தெரிந்த மிகப் பழைய மோசடிகளில் ஒன்று என்று எழுதியது. நைஜீரிய இளவரசர் இந்தக் கைதிக்குக் கொள்ளுப்பேரன்.

நைஜீரிய இளவரசர் என்றதும் ஒரு விஷயம். 2012-இல் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவின் கோர்மாக் ஹெர்லி ஒரு கட்டுரையில் எளிமையான கேள்வி ஒன்று கேட்டார். உலகமே கிண்டல் செய்கிற நைஜீரியா என்ற பெயரை இந்த மோசடிக்காரர்கள் ஏன் இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறார்கள்? அவர் சொன்ன விடை: மெயில் அனுப்பச் செலவில்லை, பதில் போட்டவரோடு வாரக்கணக்கில் பேசத்தான் செலவு. பாதியில் சந்தேகப்பட்டுக் கழன்றுகொள்பவர்கள் ஆரம்பத்திலேயே போய்விட வேண்டும். ஆகவே அபத்தமான கதைதான் நல்ல சல்லடை. நாம் சிரித்துவிட்டு டிலீட் செய்யும்போது அவர்களுடைய ஏற்பாடு சரியாக வேலை செய்திருக்கிறது. அந்த மெயிலை வைத்து, நான் ஏமாறாத ஆள் என்று முடிவு கட்டினால், நமக்கு எழுதப்படாத தேர்வில் பாஸ் ஆனோம் என்று சொல்வது மாதிரிதான்.

'ஃபிஷிங்' என்ற சொல்லுக்கு வயது முப்பதுதான் ஆகிறது. 1990-களின் நடுவில் அமெரிக்காவில் ஏஓஎல் என்றாலே இன்டர்நெட். அதில் இலவசமாக நுழைய அடுத்தவர் கணக்கைத் திருடும் பையன்கள் கூட்டம் ஒன்று இருந்தது. 'ஏஓஹெல்' என்ற மென்பொருள் அவர்களிடையே சுற்றியது. அரட்டை அறையில் இருப்பவர்களுக்கு ஏஓஎல் பில்லிங் பிரிவிலிருந்து வருவதுபோல் வரிசையாகச் செய்தி அனுப்பி, கோளாறு சரிசெய்ய பாஸ்வேர்டும் கார்டு எண்ணும் வேண்டும் என்று அது கேட்கும். மீன்பிடிப்பதற்கான ஆங்கிலச் சொல்லில் 'எஃப்' எழுத்தை எடுத்துவிட்டு 'பி-எச்' போட்டுக்கொண்டார்கள். தொலைபேசி நெட்வொர்க்கில் புகுந்து விளையாடிய 'ஃப்ரீக்கர்' மரபுக்கு வைத்த வணக்கம் அது. 1996 தொடக்கத்தில் இந்தச் சொல் இணையச் செய்திக்குழுக்களில் தென்படுகிறது.

அந்தச் செய்தியில் லோகோ இல்லை, லிங்க் இல்லை, போலி வெப்சைட் இல்லை. வெறும் வரிகள். அதற்கே கொடுத்தார்கள். எனக்குத் தோன்றுவது, ஏஓஎல் 1996 டிசம்பர் வரை மணிக்கணக்கில்தான் காசு வாங்கிக்கொண்டிருந்தது. பில் எகிறுமோ, லைன் கட்டாகுமோ என்ற பயம் ஏற்கெனவே மனதில் ஓடிக்கொண்டிருந்த ஆளிடம், பில்லிங் பிரிவு என்று ஒரு குரல் வந்தால் அது வேற்றுக்குரலாகப் படாது. கடைசியில் ஏஓஎல், எங்கள் ஊழியர் யாரும் பாஸ்வேர்டு கேட்க மாட்டார் என்று அரட்டைப் பெட்டியிலேயே ஒரு வரியை நிரந்தரமாக ஒட்டிவைத்தது. இன்று வங்கி அனுப்பும் ஒவ்வொரு ஓடிபி எஸ்எம்எஸ்ஸிலும் கடைசி வரியாக நாம் பார்ப்பது அதன் வாரிசைத்தான்.

அதற்குப் பிறகு வந்த பத்திருபது வருடம் முழுக்க முகம் பார்க்கக் கற்றுக்கொடுத்த காலம். அதில் ஒவ்வொரு பாடமும் எப்படிக் காலாவதியானது என்பதே தனி வரலாறு.

முகவரியைப் பார் என்றார்கள். 2000-லேயே பேபால் பெயரில் ஒரு போலித் தளம் வந்துவிட்டது. கடைசியில் சின்ன 'எல்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஐ' எழுத்து. அதைப் பெரிய எழுத்தாகப் போட்டால் பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே குச்சிதான். 2002-இல் இஸ்ரேலைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி போனார்கள். மைக்ரோசாஃப்ட் முகவரியில் உள்ள சில ஆங்கில எழுத்துகளுக்குப் பதிலாக, அச்சு அசலாக அதே மாதிரி தெரியும் ரஷ்ய எழுத்துகளைப் போட்டு, அந்தப் பெயரைப் பதிவே செய்து காட்டினார்கள். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க அங்கே எதுவுமே இல்லை.

பூட்டுப் படத்தைப் பார் என்றார்கள். இது எத்தனை பயிற்சி ஸ்லைடில் இருந்தது என்று எண்ணி மாளாது. பூட்டு சொன்னதெல்லாம், உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பது மட்டும்தான். அந்தப் பக்கம் இருப்பவன் யோக்கியனா என்று அது ஒருநாளும் சொன்னதில்லை. பாதுகாப்புச் சான்றிதழ் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்ததும் திருடர்களும் பூட்டு வாங்கிக்கொண்டார்கள். 2018 வாக்கில் ஃபிஷிங் தளங்களில் ஏறக்குறைய பாதியில் பூட்டு இருந்தது என்று ஃபிஷ்லேப்ஸ் கணக்கெடுத்தது. 2023-இல் குரோம் உலாவி அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது. மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதும் காரணம். அப்படிப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்ததே நாம்தான்.

எழுத்துப் பிழையைப் பார் என்றார்கள். சாட்ஜிபிடிக்குப் பிறகு அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

முகம் பார்க்கும் பழக்கம் எவ்வளவு தூரம் உதவும் என்று அளந்த ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது 2006-இல் வந்தது. ரச்னா தமீஜா, டைகர், மார்ட்டி ஹெர்ஸ்ட் ஆகிய மூவர் 22 பேரை உட்காரவைத்து 20 தளங்களைக் காட்டி, எது அசல் எது போலி என்று சொல்லச் சொன்னார்கள். போலிகள் கலந்திருக்கின்றன என்று முன்கூட்டியே தெரிந்துதான் எல்லாரும் பார்த்தார்கள். அப்படியும் 40 சதவீதம் தவறு. கொஞ்சம் நன்றாகச் செய்த போலி ஒன்று 22-இல் 20 பேரை ஏமாற்றியது. அது 'பேங்க் ஆஃப் தி வெஸ்ட்' என்ற வங்கியின் நகல். முகவரியில் 'டபிள்யூ' எழுத்துக்குப் பதிலாக இரண்டு 'வி'யை ஒட்டி வைத்திருந்தார்கள். சுமார் கால்வாசிப் பேர் முகவரிப் பட்டை பக்கமே போகவில்லை, பக்கத்தின் உள்ளடக்கத்தை மட்டும் பார்த்தார்கள். வயது, படிப்பு, கணினி அனுபவம் எதுவும் முடிவோடு குறிப்பிடத்தக்க தொடர்பு காட்டவில்லை.

அதில் ஒரு சின்ன விவரம். அந்த வங்கிப் பக்கத்தில் ஒரு கரடி வீடியோ ஓடும். இரண்டு பேர் தளம் அசல்தான் என்பதற்கு அந்தக் கரடியைக் காரணம் காட்டியிருக்கிறார்கள். இதையெல்லாம் காப்பியடிக்க நிறைய மெனக்கெட வேண்டுமே என்பது வாதம். நிரல் எழுதுகிறவர்களுக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும், ஒரு வெப்சைட்டை அப்படியே இறக்க ஒரே கட்டளை போதும். ஆனால் அந்த இருவரின் தர்க்கத்தில் பிழை இல்லை. நகை, ரூபாய் நோட்டு, கையெழுத்து, சீல் என்று மனிதர்கள் காலகாலமாகப் போலியைக் கண்டுபிடித்த வழியே அதுதான்: செய்யக் கஷ்டமானது அசலாக இருக்கும். கணினித் திரையில் எதுவும் காப்பியடிக்கக் கஷ்டமானது இல்லை என்பது மனித அனுபவத்துக்கே புதுசு.

சரி, முகம் உதவாது என்றால் எது ஏமாற்றுகிறது? 2005 ஏப்ரலில் இண்டியானா பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. மாணவர்கள் இணையத்தில் யார் யாரோடு நண்பர்கள் என்று பொதுவெளியில் கிடைத்த தகவலைத் திரட்டி, ஒவ்வொருவருக்கும் அவருடைய நண்பர் பெயரிலேயே மெயில் அனுப்பினார்கள். இன்னொரு சிறு குழுவுக்கு அதே பல்கலைக்கழகத்தின் முன்பின் தெரியாத ஒருவர் பெயரில். உள்ளே இருந்த லிங்க்கில் பல்கலைக்கழக பாஸ்வேர்டைக் கேட்டது. தெரியாதவர் பெயரில் போனதற்கு 16 சதவீதம் பேர் பாஸ்வேர்டைக் கொடுத்தார்கள். நண்பர் பெயரில் போனதற்கு 72 சதவீதம். 2000 மே மாதம் உலகையே கலக்கிய 'ஐ லவ் யூ' வைரஸும் இந்த வழியில்தான் பரவியது. அந்தக் காதல் கடிதம் தெரிந்தவர் முகவரியிலிருந்து வந்ததால்தான் திறந்தார்கள்.

இண்டியானா சோதனையில் சதவீதத்தைவிட என்னை நிறுத்தியது பின்னால் நடந்தது. சோதனை முடிந்ததும் மாணவர்கள் கருத்துச் சொல்ல ஓர் இடம் திறந்துவிட்டார்கள். கோபம் கொட்டியது. ஒழுக்கக்கேடு, சட்டவிரோதம், இதெல்லாம் ஓர் ஆய்வா என்று திட்டினார்கள். ஆனால் நான் ஏமாந்தேன் என்று அங்கே எழுதியவர் ஒருவர்கூட இல்லை. 72 சதவீதம் எங்கே போனார்கள்? ஏமாந்தவன் முட்டாள் என்று ஊரே சொல்லும்போது எவன் கையைத் தூக்குவான்? அலுவலகத்தில் தப்பான லிங்க்கை அழுத்திவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒருவரை யோசித்துப் பாருங்கள். அந்த ஒரு மணி நேர மௌனம்தான் திருடனுக்கு வேண்டியது.

நிஸ்ட் என்ற அமெரிக்க அரசின் தர நிர்ணய நிறுவனம் தன் ஊழியர்களுக்கே பல வருடம் சோதனை மெயில்கள் அனுப்பி, அழுத்தியவர்களிடமும் அழுத்தாதவர்களிடமும் காரணம் கேட்டது. 2018-இல் வந்த அந்த ஆய்வின் முக்கியக் கண்டுபிடிப்பு: அழுத்தாதவர்கள், அழுத்தினால் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டார்கள். அழுத்தியவர்கள், அழுத்தாவிட்டால் என்ன ஆகுமோ என்று கவலைப்பட்டார்கள். வேலையில் அக்கறை இல்லாதவர் என்று பெயர் வாங்கிவிடுவோமோ என்று. கட்டாத பில் பற்றிய மெயில், கணக்கு வழக்கு பார்ப்பவருக்குப் போனால் அது அவருடைய அன்றாட வேலை. அதே மெயில் ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்குப் போனால், எனக்கெதுக்கு பில் என்று ஒரு நொடியில் தள்ளிவிடுவார். அவரைப் புத்திசாலி என்றும் இவரை ஏமாளி என்றும் எழுதிவைத்தால், நாம் அளந்தது இரண்டு பேருடைய வேலையைத்தான்.

இதிலிருந்துதான் 2020-இல் நிஸ்ட்டின் 'ஃபிஷ் ஸ்கேல்' முழு வடிவில் வந்தது. மீன் அளக்கும் தராசு என்று நான் சொல்லிக்கொள்வேன். இரண்டு தட்டு. ஒன்றில் மெயிலின் முகம்: பிழைகள், முகவரிக் கோளாறு, லோகோ, அவசரப்படுத்தும் மொழி என்று கண்ணில் படக்கூடிய அறிகுறிகளின் எண்ணிக்கை. இன்னொன்றில், மெயில் சொல்லும் கதை பெறுபவரின் வேலையோடும் சூழலோடும் எவ்வளவு ஒட்டுகிறது என்ற மதிப்பீடு. அலுவலகத்தில் உண்மையிலேயே நடக்கும் நடைமுறையைப் போல இருக்கிறதா, அந்த நேரத்தில் நடக்கும் வேறு விஷயத்தோடு பொருந்துகிறதா, கண்டுகொள்ளாமல் விட்டால் நஷ்டம் வருமா, இப்படி. இரண்டையும் சேர்த்துத்தான் ஒரு மெயில் எளிதா, நடுத்தரமா, மிகக் கடினமா என்று சொல்ல முடியும். சாதாரண யோசனைதான். விடாக் சொன்ன நூற்றுக்கு இருபது கணக்கு, இரண்டு நூற்றாண்டு கழித்து அட்டவணை ஆகியிருக்கிறது.

இந்தத் தராசில் நம்ம ஊர்ச் சரக்கு ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். 2022 வாக்கில் நாடு முழுக்கச் சுற்றிய எஸ்எம்எஸ் ஞாபகம் இருக்கும்: போன மாத பில் பதிவாகவில்லை, இன்றிரவு 9.30 மணிக்கு மின் இணைப்பு துண்டிக்கப்படும், இந்த எண்ணுக்கு உடனே பேசவும். முகத்தை மட்டும் பார்த்தால் படுமோசம். ஓட்டை ஆங்கிலம், பத்து இலக்கச் சாதாரண மொபைல் எண். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங், அப்புறம் என்ன போன மாத பில்? ராத்திரி ஒன்பதரைக்குக் கம்பத்தில் ஏறி ஃபீஸைப் பிடுங்கும் லைன்மேனை யாராவது பார்த்திருக்கிறீர்களா? ஏழாவது தளத்துக்குச் சற்றும் குறைந்ததில்லை. ஆனால் இரண்டாவது தட்டைப் பாருங்கள். கரண்ட் பில் இல்லாத வீடு இல்லை. கட்டினோமா, ஜிபேயில் போய்ச் சேர்ந்ததா என்று சட்டென்று நிச்சயமாகச் சொல்லக்கூடியவர் குறைவு. தனியாக இருக்கும் ஒரு பெரியவருக்கு, மே மாத ராத்திரியில் ஃபேன் நின்றுவிடும் என்ற செய்தி முன்னால் அந்த மொபைல் எண் பெரிய சந்தேகமாகத் தெரியாது.

தராசின் இரண்டாவது தட்டு அதிகபட்சம் இறங்கிய கேஸ் என்றால் அது 2016 மார்ச் 19. ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவின் ஜிமெயிலுக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. உங்கள் பாஸ்வேர்டை வைத்து உக்ரைனிலிருந்து யாரோ உள்ளே வரப் பார்த்தார்கள், தடுத்துவிட்டோம், உடனே மாற்றுங்கள் என்று கூகுள் சொல்வதுபோல. கூகுள் நிஜமாகவே இப்படிப்பட்ட எச்சரிக்கைகளை அனுப்பும், கிட்டத்தட்ட அதே தோற்றத்தில். கணக்கைப் பார்த்துக்கொண்ட உதவியாளர் பயிற்சியில் சொல்லித்தருவதை அப்படியே செய்தார். தானாக அழுத்தாமல் பிரசாரக் குழுவின் கணினி உதவிப் பிரிவுக்கு அனுப்பிக் கேட்டார். அங்கிருந்து வந்த பதில், இது முறையான மெயில், அவர் உடனே பாஸ்வேர்டை மாற்ற வேண்டும் என்றது. 'முறையற்ற' என்று எழுத நினைத்துக் கை தவறிவிட்டது என்று பதில் போட்டவர் பிற்பாடு விளக்கினார். அதே பதிலில் கூகுளின் அசல் லிங்க்கும், இரட்டைச் சரிபார்ப்பைப் போடுங்கள் என்ற அறிவுரையும் இருந்தன. ஆனால் அழுத்தப்பட்டது முதல் மெயிலில் இருந்த பொத்தான். அக்டோபரில் பொடெஸ்டாவின் ஆயிரக்கணக்கான மெயில்கள் விக்கிலீக்ஸில் வரத் தொடங்கின. 2018-இல் ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் மேல் அமெரிக்காவில் குற்றப்பத்திரிகை பதிவானது. இதில் விழிப்புணர்வு இல்லாதவர் யார் என்று எனக்குச் சுட்டிக்காட்டத் தெரியவில்லை.

சந்தேகம் என்பது எப்போதும் எரியும் விளக்கும் கிடையாது. ஆஸ்திரேலியாவில் 117 மாணவர்களை வைத்து 2013-இல் வெளியான ஆய்வில், ஃபிஷிங் பற்றிய சோதனை என்று முன்பே தெரிந்தவர்கள், தெரியாதவர்களைவிட நன்றாகப் பிரித்துச் சொன்னார்கள். ஆபீசில் யாரும் வந்து, அடுத்த மெயில் சோதனை என்று சொல்வதில்லை. பென் சாயர், பீட்டர் ஹான்காக் இருவரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் சங்கடமானது. நூறு மெயிலில் இருபது கெட்டது என்றால் மக்கள் நன்றாகவே பிடிக்கிறார்கள், நூறில் ஒன்றுதான் என்றால் அதைத் தவறவிடுகிறார்கள். விமான நிலைய எக்ஸ்ரே பெட்டிகளில் துப்பாக்கி தேடுபவர்களுக்கும் இதே கதைதான். ஸ்பேம் வடிகட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ, அதைத் தாண்டி வரும் அந்த ஒன்றுக்கு அவ்வளவு நல்ல காலம்.

அப்படியானால் பிடிக்கிறவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள்? ரிக் வாஷ் 21 ஐடி நிபுணர்களிடம், நீங்கள் கடைசியாகக் கண்டுபிடித்த ஃபிஷிங் மெயிலைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டு 2020-இல் எழுதினார். அவர்கள் பட்டியலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு மெயிலையும் சரிபார்க்கவில்லை. எல்லாரையும் போல, இந்த மெயிலுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யோசித்தபடிதான் படிக்கிறார்கள். படிக்கும்போது ஏதோ இடிக்கிறது. இவர் எனக்கு ஏன் இதை அனுப்புகிறார், போன வாரம்தானே முடித்தோம், இப்படி. அந்த இடிப்புகள் சேர்ந்து, ஒரு கட்டத்தில் இது ஃபிஷிங்காக இருக்குமோ என்று மனது திரும்புகிறது. லிங்க் மேல் மவுஸை வைத்து முகவரி பார்ப்பதெல்லாம் அதற்குப் பிறகு. சந்தேகத்தை எழுப்பியது, தன் வேலை எப்படி நடக்கும் என்ற அறிவு. வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம் ஆன ஆளுக்கு எல்லாமே புதுசு, எது இடிக்கும்?

இதையெல்லாம் படித்த பிறகு 2020-இன் இரண்டு செய்திகள் வேறு மாதிரி தெரிந்தன. செப்டம்பரில் ட்ரிப்யூன் பப்ளிஷிங் என்ற பத்திரிகை நிறுவனம், ஆட்குறைப்பும் சம்பள வெட்டும் நடந்த வருடத்தில், போனஸ் தருகிறோம் என்று ஊழியர்களுக்குச் சோதனை மெயில் அனுப்பியது. டிசம்பரில் கோடாடி நிறுவனம் 650 டாலர் பண்டிகை போனஸ் என்று அனுப்பியது. சுமார் 500 பேர் அழுத்தினார்கள். இரண்டு நாள் கழித்து, நீங்கள் தேர்வில் தோற்றுவிட்டீர்கள், மறுபடி பயிற்சி எடுங்கள் என்று அவர்களுக்கு மெயில் வந்தது. இரண்டு நிறுவனங்களும் பிறகு மன்னிப்புக் கேட்டன. திருடனும் இதையேதானே செய்வான் என்று பாதுகாப்புக்காரர்கள் வாதாடினார்கள். வாஸ்தவம்தான். ஆனால் கொரோனா வருடக் கடைசியில் போனஸ் மெயிலைத் திறந்த 500 பேர் கவனக்குறைவானவர்கள் என்று அந்த எண் சொல்கிறதா? அந்த மெயில் எவ்வளவு கனமானது என்றுதான் சொல்கிறது.

ஃபிஷ் ஸ்கேலுக்கு 2023-இல் நிஸ்ட் ஒரு கையேடு வெளியிட்டது. இலவசம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், ஒரு மெயிலை எடை போட அரை மணி நேரம் போதும். எங்கள் பாதுகாப்புக் குழுவில் இருக்கும் நண்பருக்கு அனுப்பிவைத்தேன். முதலில், எல்லாருக்கும் சாக்கு சொல்லக் கத்துக்கொடுக்கறீங்க என்றார். பிறகு பழைய சோதனை மெயில்களை எடுத்து இரண்டு பேரும் உட்கார்ந்து எடை போட்டோம். "இந்த வருஷம் நல்ல முன்னேற்றம்" என்று மேலிடத்துக்குக் காட்டிய காலாண்டில் போன மெயில், சுத்தமாக யாருடைய வேலைக்கும் ஒட்டாத லாட்டரி மெயில். கிளிக் எகிறி எல்லாரும் திட்டு வாங்கிய காலாண்டில் போனது, அப்ரைசல் கடிதம் தயார் என்ற மெயில், அதுவும் ஏப்ரல் முதல் வாரத்தில்.

போன அறிக்கையில் கிளிக் சதவீதத்துக்குப் பக்கத்தில் 'கடினம்' என்று புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். பெயர்ப் பட்டியல் இன்னும் இருக்கிறது. அதை எடுக்க மேலே கேட்க வேண்டுமாம்.